நடக்க ஏலாதவருக்கு இடமில்லை

மாமா,

இன்று வவுனியாக் கடைத்தெருவில் ஒரு கடை வாசலில் சிவப்பு றபர் விரிப்பு சுருட்டித் தொங்கியது. வெயிலில் சூடேறிய அந்த மணம் மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. தர்மபுரத்து வீட்டில் உங்கள் பாயின் கீழ் அதை விரித்துத்தானே ஒரு மாரிகாலம் முழுவதையும் கடத்தினோம்.

ட்ராக்டரை ஒற்றைக் கையால் வளைத்துத் திருப்பியவர் நீங்கள். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபின் புரண்டு படுக்கவும் என் கை வேண்டியிருந்தது. உங்கள் கடைசி மகன், என் கணவர், அதற்கு முன்னரே காய்ச்சலில் போய்விட்டார். வீட்டில் நீங்களும் நானும்தான். கழுவிவிட வந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வீர்கள்.

"பிள்ளை, நீ வெளியாலை போ. ஆம்பிளையள் ஆரும் வரட்டும்."

யார் வருவார்கள்? முதுகில் புண்தான் வந்தது.

கனடாவிலிருந்து உங்கள் மூத்த மகன், "நல்ல இல்லமாப் பாத்து விடுங்கோ" என்பார். அடுத்த மகன், "அப்பாவை இல்லத்திலை விட்டால் சனம் என்ன கதைக்கும்?" என்பார். உங்களை ஒருநாள் தூக்கிப் பார்த்திருந்தால் இரண்டு பேருக்கும் வாய் வந்திராது.

கிளிநொச்சியில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனேன். பொறுப்பாளர் கேட்ட முதல் கேள்வி, "ஐயா தானா நடப்பாரோ?"

"நடந்தால் நான் ஏன் இங்கை வாறன்?"

"தன்ரை அலுவலைத் தானே பாக்கிற ஆக்களைத்தான் எடுக்கிறனாங்கள், தங்கச்சி. தூக்கி இறக்க ஆளில்லை."

இன்னொரு இடத்தில், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால் ஏலாது என்றார்கள். ஆஸ்பத்திரியிலோ, முதுமைக்கு இங்கே கட்டில் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். குசினி வாசலில் இருந்து நான் கத்தித் தீர்த்தபோது நீங்கள் கோணிய வாயால் சிரித்தீர்கள்.

"அப்ப நான் நடக்கப் பழகிப்போட்டு, நடக்க ஏலாதவையின்ரை இடத்துக்குப் போகவேணும், என்ன?"

கடைசியில் வவுனியாவில் ஒரு இல்லம் ஓம் என்றது. நான் தயங்கினேன். "கொண்டுபோய் விடு, பிள்ளை. உன்ரை இடுப்பு முறியிறதைப் பாத்துக்கொண்டு கிடக்க எனக்கு ஏலாது" என்றீர்கள். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி நடக்கவேண்டும் என்றார்கள். அங்கேயும் நடை! பஸ்ஸில் வந்த நாலு பேர் உங்களைக் கதிரையோடு தூக்கிக் கடத்தினார்கள்.

அடுத்த மாதம் பார்க்க வந்தபோது புண் ஆறியிருந்தது. சில்லுக் கதிரையில் நிமிர்ந்து இருந்து, பக்கத்துக் கட்டில் முஸ்லிம் பெரியவரான நானாவோடு, மொட்டைக்கறுப்பன் நெல்லா சம்பாவா திறம் என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தீர்கள். முல்லைத்தீவில் வயல் செய்து, இடம்பெயர்ந்து வந்த மனிதர் அவர். தூக்க ஓர் ஆள், காயத்துக்கு மருந்து, வாதாட ஒரு தோழர். ஒரு கிழவருக்கு வேண்டியது இவ்வளவுதானே! இதைத் தேடி நான் எத்தனை படிகளில் ஏறி இறங்கினேன்.

பிறகு சண்டை மூண்டு ஓமந்தையில் பாதையைப் பூட்டினார்கள். அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். நீங்கள் போன செய்தி ஒரு பாதிரியார் வழியாக வந்து சேர்ந்தபோது உங்களை எரித்தே கனநாளாகியிருந்தது. கொள்ளி வைத்தது யார் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. சண்டை முடிந்து சனத்தோடு சனமாக நானும் வவுனியா முகாமுக்கு வந்தேன். இல்லம் கூப்பிடு தூரம் மாதிரி, முட்கம்பி விடவில்லை. ஒருமுறை போய்வரக் காவலுக்கு நின்றவர்களிடம் கேட்டேன். "செத்த ஆளைப் பாக்கவோ?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

வெளியே விட்டதும் முதலில் அங்கேதான் போனேன். நானா இன்னும் இருந்தார். கொள்ளி வைத்தது இல்லத்துச் சமையல்காரர் என்றார்.

"அமைதியாப் போனவரோ?" என்று கேட்டேன்.

"இல்லை மகள், பொய் சொல்லமாட்டன். கோவத்தோடைதான் போனவர். 'பாதையைப் பூட்டினவனுக்கு என்ரை காலுக்கு வந்தது வரட்டும்' எண்டு கடைசிவரை திட்டினவர்."

போன கிழமை மூத்தவர் கனடாவிலிருந்து தொலைபேசி எடுத்து, "அப்பாவை ஏன் அவ்வளவு தூரத்திலை விட்டனீங்கள்?" என்று கேட்டார். தொலைபேசியை வைத்துவிட்டேன்.

பாதை இப்போது திறந்துதான் கிடக்கிறது, மாமா. திட்டுவது பாவம் என்கிறார்கள். ஆனாலும் உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் திட்டு ஒன்றுதான். பஸ் ஓமந்தையைத் தாண்டும்போதெல்லாம் உங்களுக்காக ஒருதரம், எனக்காக ஒருதரம், வாய்க்குள் அதைச் சொல்லிக்கொள்கிறேன்.