பொட்டாசியமும் ஒரு கார்த் திறப்பும்

என் செல்லத் தம்பி ரூபா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் வாய் வருகிறது. பழக்கதோஷம். எனக்குப் பயமாக இருக்கிறதடா, அதுதான் எழுதுகிறேன். உன் மகள் கவிக்கும் வலிப்பு வந்துவிட்டது.

நான் இன்னும் அதே மெல்பன் ஆய்வுகூடத்தில்தான். எலி மூளையில் ஞாபகம் பதிகிற ஹிப்போகாம்பஸ் பகுதியை மெல்லிய சீவலாக வெட்டி, உப்புத் திரவத்தில் உயிரோடு வைத்திருக்கிறோம். ஒரு நரம்பணுவை மின்சாரத்தால் மெல்லத் தட்டினால் அடுத்தது பதில் சொல்லும். திரவத்தில் பொட்டாசியத்தைக் கொஞ்சம் கூட்டினால் பதில் பெரிதாகும். பார்க்க நல்லாயிருக்கும். இன்னும் கூட்டினால் யாரும் தட்டாமலே எல்லாம் சேர்ந்து கத்தும். அதற்கும் மேலே போனால் ஒரு சத்தமும் இல்லை. "அக்கா, மூளைக்கும் உப்புப் பார்த்துத்தான் போடோணும் போல" என்று நீ பகிடி பண்ணுவாய், நினைவிருக்கிறதா?

வலிப்பின்போது மனித மூளையிலும் அணுக்களுக்கு வெளியே பொட்டாசியம் ஏறுகிறது. ஆனால் என்னை வெருட்டுவது அந்த முதல் கட்டம்தான், பதில் பெரிதாகி நல்லாயிருக்கிற கட்டம். கவி கொஞ்ச நாளாக ஓயாமல் கதைத்தாள், சிரித்தாள், கார் ஓட்டப் பழக எல் பிளேட் எடுக்கப்போகிறேன் என்று துள்ளினாள். அது வயதுத் துள்ளலா, வேறு ஏதுமா? பிள்ளை சிரித்தாலே பயப்படுகிற மாமியாகிவிட்டேன்.

ஞாயிறு காலை உன் மனுசி வேலைக்குப் போயிருந்தாள். என் குசினியில் தோசை தின்றுகொண்டிருந்த கவி, கதிரையோடு சரிந்தாள். பக்கவாட்டில் திருப்பவேண்டும், நேரம் பார்க்கவேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும். என் கை என்ன செய்தது தெரியுமா? அம்மா உனக்குச் செய்த மாதிரியே, மேசையில் கிடந்த கார்த் திறப்பை எடுத்து அவள் கைக்குள் திணித்தது. "இரும்பைப் பிடி பிள்ளை, பிடி! முருகா!" என்று நான் கத்தியது எனக்கே கேட்டது. இவ்வளவு படித்தும்!

பிறகுதான் அவளைத் திருப்பினேன், ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். அடங்கியதும் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தேன். இங்கே ட்ருகனினாவில் உன் வீட்டில் நீ காலையில் எழும்பாமல் கிடந்தபோதும் அப்படித்தான் வைத்தேன். இவளுக்கு மூச்சு வந்தது.

கண் திறந்தவள் கையைப் பார்த்தாள்.

"மாமி, வாட் இஸ் திஸ்? கார் கீயா?"

"ஒண்டுமில்லைக் குஞ்சு."

திறப்பை விரலால் தடவினாள். "இனி என்னை டிரைவ் பண்ண விடமாட்டினம், என்ன?"

திறப்பை அவள் கையிலிருந்து மெல்ல எடுத்தேன். மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். வலிப்பு வராமல் கனகாலம் இருந்தால்தான் ஓட்டலாமாம்.

சீவலுக்குப் பழைய திரவத்தைத் திரும்ப ஓடவிட்டால், அடங்கிப்போனது பல தடவை மறுபடி பதில் சொல்லும். நீ ஏன்டா திரும்பி வரவில்லை?

பயம் போய்விட்டது என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு சத்தியம். இனி அவள் விழுந்தால் சரித்துப் படுக்கவைப்பேன், கையில் எதையும் திணிக்கமாட்டேன். அந்தத் திறப்பை, அவள் தானாகக் கை நீட்டிக் கேட்கிற நாளில் கொடுப்பேன். பக்கத்து சீற்றில் நடுங்கிக்கொண்டு நானும் இருப்பேன்.

உன் மகளின் மாமி,
இப்போது திட்டுவதற்குத் தம்பியில்லாத உன் அக்கா