நீங்கள் சொன்ன கடைசிப் பத்து நிமிடம்

அக்கா,

நம் சீரியல் சிடியாக வந்துவிட்டது. காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எதிர்க் கடையிலிருந்து அந்த ஆரம்ப இசை, முதலில் புல்லாங்குழல், பின்னாலேயே தபேலா, காதில் விழுந்தது. வந்த பஸ்ஸை விட்டுவிட்டுக் கடைக்குள் போய்விட்டேன். பெட்டியின் மேல் நம் கதாநாயகி டீச்சரின் முகம். உங்கள் டி.வி.யில் ஒரு பக்கம் பச்சையடித்தே பார்த்த முகம், இதில் பளிச்சென்று இருந்தது. எனக்கு என்னவோ வேறு யாரையோ பார்ப்பது போலத்தான் இருந்தது.

"பழசுதானுங்களே, இதெல்லாம் வாங்கறாங்களா?" என்று கேட்டேன்.

"என்னுங் இப்பிடிக் கேட்டுப்போட்டீங்க!" என்றார் கடைக்காரர். "இனிமேப்பட்டு எல்லாப் பழைய சீரியலும் வரிசையா வந்துருமுங்க. நெனச்ச நேரத்துக்குப் போட்டுப் பாத்துக்கலாம். ஆருகிட்டயும் போயி கதை கேக்க வேண்டியதில்லீங்க."

அவர் நல்லதாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. நாம் கதை கேட்டுத்தானே பிழைத்தோம்?

சிங்காநல்லூரில் அந்த லைன் வீடுகளில் உங்கள் ஒரு வீட்டில்தான் வீடியோ டெக் இருந்தது. உங்கள் தம்பி குவைத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. மில்லில் எங்களுக்கு ஷிஃப்ட் மாறி மாறி வரும். இரண்டாம் ஷிஃப்ட் விழுந்தால் செவ்வாய்க்கிழமை சீரியல் போச்சு. நீங்கள் அதைப் பதிவு செய்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்களுக்குப் போட்டுக் காட்டுவீர்கள். இருந்தது ஒரே கேசட். போன வாரத்தின் மேலேயே இந்த வாரத்தைப் பதிவு செய்வீர்கள். விளம்பரம் வந்தால் எழுந்து ஓடிப்போய் நிறுத்துவீர்கள், மறுபடி போடுவதற்குள் பாதி வசனம் போயிருக்கும். அந்தப் பாதியை நீங்களே நடித்துக் காட்டுவீர்கள். மாமியார்க்காரி பேச்சை உங்கள் வாயால் கேட்பதற்கென்றே சிலர் வருவார்கள். அந்த நடிகையே உங்களிடம் வந்து கற்றுக்கொண்டு போக வேண்டும், அப்படி ஒரு அதட்டல்.

நான் அந்தக் கதையை ஏன் அப்படி வாய் பிளந்து பார்த்தேன் என்று உங்களுக்குத் தெரியும். மதுக்கரைக்கு சிமென்ட் லோடு ஏற்றப் போன என் வீட்டுக்காரர் அங்கேயே இன்னொரு குடித்தனம் வைத்துக்கொண்டார். டீச்சரின் புருஷனும் அதே கதைதான், என்ன, அவன் கார் வைத்திருந்தான். அவன் திரும்பி வருவானா, வந்தால் அவள் என்ன செய்வாள் என்று வாரம் முழுக்க நூல் சுற்றிக்கொண்டே யோசிப்பேன். எனக்குப் பக்கத்து மெஷினில் ராசாமணி. அவளுடைய ஆள் குடித்துக் குடித்து அந்தியூர்ப் பக்கம் எங்கோ போய்க் கிடந்தார். நாங்கள் இரண்டு பேரும் டீச்சருக்காக அழுததாகத்தான் ஊருக்குச் சொல்லிக்கொண்டோம்.

கடைசி வாரம் எங்கள் இரண்டு பேருக்கும் இரண்டாம் ஷிஃப்ட். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றைக்கூடச் சரியாகத் தின்னாமல் ஓடி வந்தோம். டெக் ஓடியது. டீச்சரின் புருஷன் வந்துவிட்டான். கதவைத் தட்டினான். டீச்சர் உள்ளேயிருந்து எழுந்தாள். அவ்வளவுதான், திரையில் புள்ளி புள்ளியாக வந்துவிட்டது.

"அன்னைக்கிக் கரண்ட் போயிருச்சு கண்ணுகளா. நம்ம லைன் பூராவும் இருட்டு," என்றீர்கள். "ஆனா நான் உடுவனா? ரோட்டுக்கு அக்கட்ட டைலர் பாய் ஊட்டுல வெளிச்சம் தெரிஞ்சுது. ஒரே ஓட்டமா ஓடிப்போயிப் பாத்துப்போட்டுத்தான் வந்தேன்."

அப்புறம் நடுவீட்டில் எழுந்து நின்று சொன்னீர்கள். டீச்சர் கதவைத் திறக்கவில்லை. ஜன்னலைத் திறந்தாள். ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். 'தண்ணி குடிச்சுட்டுப் போங்க. கதவு தொறக்கறதா இல்ல' என்றாள். திட்டவும் இல்லை, அழவும் இல்லை. அவன் குடித்துவிட்டுச் சொம்பை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் போனான். முடிந்தது.

"அட சாமி, பாவமுங்க அந்த மனுசன்," என்று ராசாமணி ஓவென்று அழுதாள். நான் அழவில்லை. அந்த வசனத்தை வாய்க்குள்ளேயே ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன்.

அடுத்த பொங்கலுக்கு முன்னால் என் வீட்டுக்காரர் வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், மிக்சர் பொட்டலம். தாழ்ப்பாளில் கை வைத்தேன் அக்கா. வைத்த கையை எடுத்துப் பானையில் சொம்பை முக்கினேன். நீங்கள் சொன்ன அதே வசனத்தை ஒரு எழுத்து மாறாமல் சொன்னேன். அவரும் குடித்துவிட்டுப் போனார். பழத்தை வைத்துவிட்டுப் போனதுதான் வித்தியாசம். அப்புறம் வரவே இல்லை. அன்று சாயங்காலம் உங்களிடம் வந்து சொன்னபோது என் தலையைத் தடவி, "நல்லாத் தூங்கு அம்மணி," என்றீர்கள். நன்றாகத்தான் தூங்கினேன். இத்தனை வருஷமாகத் தூங்கிக்கொண்டும் இருந்தேன்.

போன வாரம் சிடியின் கடைசிப் பாகத்தைத் தனியாகப் போட்டுப் பார்த்தேன்.

டீச்சர் கதவைத் திறக்கிறாள் அக்கா! திறந்து, அவன் கையிலிருந்த பெட்டியை வாங்கி உள்ளே வைக்கிறாள். இலை போடுகிறாள். ஜன்னலும் இல்லை, சொம்பும் இல்லை. அந்த வீட்டு முன்பக்கத்தில் ஜன்னலே இல்லை. நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் உங்கள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. என் பொழப்பை வைத்தா விளையாடினீர்கள்? கோபம் ஆறுவதற்குள் அழுகை வந்துவிட்டது. இது கோபமா, நன்றியா, வெசனமா, ஒரு எழவும் எனக்கு விளங்கவில்லை.

ஒருவேளை கம்பெனிக்காரன் முடிவை மாற்றிவிட்டானோ என்று ஒரு நப்பாசை. டைலர் பாய் இப்போது உக்கடத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். தேடிப் பிடித்துக் கேட்டேன்.

"வந்தாங்கம்மா, நல்லா ஞாபகம் இருக்கு," என்றார். "மூச்சு வாங்க ஓடி வந்து நின்னே பாத்தாங்க. அந்தப் பொண்ணு கதவத் தொறந்து சோறு போட்டுச்சா, இவங்களுக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். 'தூ, இதெல்லாம் ஒரு முடிவா'ன்னு எங்கூட்டு டி.வி.யவே திட்டிப்போட்டுப் போனாங்க."

ஆக, தெரிந்தேதான் மாற்றியிருக்கிறீர்கள். எனக்காகவா? இல்லை, கதை பிடிக்காததாலா? மாற்றியிராவிட்டால் நான் திறந்திருப்பேனா? திறந்திருந்தால் நன்றாக இருந்திருப்பேனா, இன்னும் நாசமாகப் போயிருப்பேனா? பஸ்ஸில் வரும்போது இதையே உருட்டிக்கொண்டு வந்ததில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஒண்டிப்புதூர் வரைக்கும் போய்விட்டேன்.

அதற்குள் மில்லில் செய்தி பரவிவிட்டது. "சிடி வாங்கி வெச்சுட்டு ஒளிச்சா பாக்கறீங்க?" என்று பிடித்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதே கூட்டம், இந்தத் தடவை என் வீட்டில். கடைசிப் பாகத்துக்கு முன்னால் எழுந்து சுவிட்சை அணைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். கை வரவில்லை. ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

டீச்சர் கதவைத் திறந்ததும் வீட்டில் ஒரே கூச்சல். "அய்யய்யோ, இது இல்லீங்!" "கம்பெனிக்காரன் மாத்திப்போட்டான் பாருங்க!" "நாம ஜன்னல் வழியா தண்ணி குடுத்தத நம்ம கண்ணாலயே பாத்தமே!" கண்ணால் பார்த்தார்களாம் அக்கா! திரையில் புள்ளியைத் தவிர வேறு எதைப் பார்த்தார்கள்? ஆனால் ஆளாளுக்குச் சத்தியம் செய்தார்கள். பாய் சொன்னதை நான் வாய் திறந்து சொல்லவில்லை.

ராசாமணி மட்டும் அந்தச் சத்தியத்தில் சேரவில்லை. அவள் வீட்டுக்காரர் அந்த வருஷமே திரும்பி வந்தது உங்களுக்குத் தெரியும். அவள் கதவைத் திறந்தாள். அவர் இப்போது குடிப்பதில்லை, அவளுக்கு மில் கேட்டுக்குச் சோற்றுத் தூக்குப்போசி கொண்டுவந்து கொடுக்கிறார். எல்லாரும் போன பிறகு அவள் செருப்பைத் தேடுவது போல நின்றுகொண்டிருந்தாள்.

"ஏனுங்க்கா, ஒண்ணு சொல்லட்டுங்களா? அன்னைக்கி எல்லாரும் போனப்பறம் டெக் ஊட்டு அக்கா என்னையத் தனியாக் கூப்புட்டாங்க. 'அழுவாத கண்ணு. அவன் தெரு முக்கு தாண்டறதுக்குள்ள டீச்சர் கதவத் தொறந்து கூப்புட்டுட்டா. இவளுககிட்டச் சொல்லாத'ன்னாங்க. நான் இன்ன வரைக்கும் ஆருகிட்டயும் சொன்னதில்லீங்."

அவள் போன பிறகு சிடியை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

எனக்கொரு முடிவு, அவளுக்கொரு முடிவு. யாருக்கு எது வேண்டும் என்று எப்படித் தெரிந்தது உங்களுக்கு? தெரிந்துதான் சொன்னீர்களா, குருட்டாம்போக்கில் சொன்னது பலித்துவிட்டதா? நீங்களும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், இனி எந்தக் கடையில் எந்தச் சிடியை வாங்கிப் போட்டால் இதற்குப் பதில் வரும்? இதையும் சேர்த்துக் கேட்கிறேன்: டைலர் பாய் வீட்டில் நின்றபடி அப்படி ஆத்திரப்பட்டீர்களே, உங்கள் கதவை யார் வந்து தட்டினார்கள்? உங்கள் வீட்டில் நீங்கள் ஒருத்திதான் இருந்தீர்கள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து கதை கேட்டோம், உங்கள் கதையை ஒருத்தியும் கேட்கவில்லை.

சிடியைத் தூக்கிப் போடவில்லை, பீரோவில் இருக்கிறது. எனக்கு அந்தச் சொம்புதான் நிலைத்தது. இன்றைக்கும் யார் வந்து தட்டினாலும் முதலில் ஜன்னலைத் திறந்து தண்ணீரைத்தான் நீட்டுகிறேன். கதவைத் திறப்பதா வேண்டாமா என்பதை அவர்கள் குடித்து முடிப்பதற்குள் யோசித்துக்கொள்கிறேன்.