சமையலறை இரண்டு

அக்கா, இன்று சாயங்காலம் விடுதியின் சாப்பாட்டு அறையில் இருந்தவர்கள்: கல்லூரிக் காரியதரிசி, கட்டட மேஸ்திரி, சமையல் முனியம்மா, மாணவிகள் சார்பில் ரங்கநாயகி, சமையல் பொறுப்பில் நான். நீங்கள் போனபிறகு வார்டன் நாற்காலிக்கு இன்னும் யாரையும் போடவில்லை.

பெண்கள் நிறைய சேர்ந்துவிட்டார்கள். ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுக்கிறார்கள். பட்டாளத்துத் தண்டுப் பகுதியில் இருக்கும் இந்த வாடகை பங்களாவை விட்டுவிட்டு, கல்லூரிக்குப் பின்னால் பெரிய விடுதி கட்டப்போகிறார்கள். அதற்காக நீங்களும் நானும் எத்தனை மனு எழுதினோம். நான் சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் மேஸ்திரி படத்தை விரித்ததும், அந்த மைவாசனையோடு அலுப்புத்தான் வந்தது. படத்தில் சமையலறை இரண்டு. ஒன்று எல்லோருக்கும், மற்றது மேல்சாதிப் பெண்களுக்கு.

“தனி அடுப்பு இருந்தாத்தான் பெரிய குடும்பத்துக்காரங்க அனுப்புவாங்கம்மா,” என்றார் காரியதரிசி.

முதல் வருஷம் ஒரு தகப்பனார் சாப்பாட்டு வேளையில் வந்து நின்றது ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் ஒரே பந்தியில் இருப்பதைப் பார்த்து, மகளைப் பாதிச் சோற்றில் எழுப்பி ஜட்காவில் ஏற்றிக்கொண்டு போனார். நீங்கள் வாசல்வரை ஓடினீர்கள். திரும்பி வந்து அவள் இலையை நீங்களே எடுத்தீர்கள். “பந்தி ஒண்ணுதான், அது மாறாது,” என்றீர்கள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அப்புறம் நீங்கள் அவளைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. ஆனால் உங்கள் ஜெபத்தில் அவள் பெயர் தினமும் என் காதில் விழும்.

இன்று ரங்கநாயகி, “தனி அடுப்பு வரட்டும் மாமி,” என்றாள்.

“ஏன் தாயி, என் சோறு கசக்குதா?” என்றாள் முனியம்மா.

“இல்லை. நான் தனியாச் சாப்பிடறேன்னுதான் ஆத்துல சொல்லி வெச்சிருக்கேன்.”

“தனியாவா? நேத்து என் தோளை இடிச்சிக்கினு மூணாந்தரம் ரசம் கேட்டது யாரு?”

மேஸ்திரிகூடச் சிரித்துவிட்டார். ரங்கநாயகி சிரிக்கவில்லை. “என் தங்கையும் படிக்கணும்கறா. அம்மா நேர்ல வந்து பார்த்துட்டுத்தான் விடுவா. இல்லேன்னா வரன் ரெடியா இருக்கு,” என்றாள்.

“சமையல் விஷயம் நீங்க சொல்றதுதாம்மா. வெள்ளிக்கிழமை சொல்லிடுங்க,” என்று காரியதரிசி படத்தைச் சுருட்டினார்.

உங்களோடு பந்தியில் உட்கார்ந்து பழகியபின், வீட்டில் தனியாகச் சாப்பிட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. நீங்கள் என்னிடம் விட்டுப்போனது அதுதான். அதை நம்பி ஒரே அடுப்பு என்று சொல்லிவிடலாம். சொன்னால் அந்தத் தங்கை வரமாட்டாள். இரண்டு என்றால், முனியம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாரை எங்கே உட்காரச் சொல்வேன்?

முருகனிடம் கேட்டேன். அவன் பேசாமல் இருக்கிறான். உங்கள் ஆண்டவரிடம் கேட்டுச் சொல்லுங்கள், அக்கா. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் எனக்குப் பதில் வேண்டும்.