அந்தக் கடவையடியில் எறிந்த கல்

வியாழக்கிழமை, இரவு.

ரயில் சாரதிப் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வுக்கு இன்று கொழும்புக்குப் போய் வந்தேன். எழுத்துப் பரீட்சையும் கண் பரிசோதனையும் முன்பே முடிந்துவிட்டன. கேள்வி கேட்ட மூவரில் ஒருவர் பழைய சாரதி, தமிழர். படிவத்தில் என் ஊரைப் பார்த்ததும் சிரித்தார்.

"கிளிநொச்சிக்கு இங்கால, கேற் இல்லாத ரயில் கடவையடியோ? அதால வரேக்க நான் யன்னலைச் சாத்திப்போடுவன், தம்பி. மாடு ஒண்டு அடிபட்ட அண்டைக்கு ஆரோ கல்லெறிஞ்சவன். என்ர உதவிச் சாரதிக்குக் கண்ணுக்கு மேல ஏழு தையல். ஆரெண்டு உமக்குத் தெரியுமோ?"

"தெரியாது, சேர்."

அந்த மாடு எங்களுடையது. கன்றுத்தாச்சி, வயிற்றில் கன்று இருந்தது. அது துடித்ததைப் பார்த்துக்கொண்டே குனிந்து கல்லை எடுத்தேன். அடித்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்ற ரயிலின் எஞ்சினுக்குத்தான் எறிந்தேன். உள்ளே ஒரு முகம் இருக்கும் என்று அப்போது நினைக்கவேயில்லை.

"பயப்பிடாதையும், நல்லாத்தான் செய்திருக்கிறீர்" என்று அவர் எழுந்து கைகொடுத்தார். எறிந்த கையைத்தான் நானும் நீட்டினேன். அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஆவலாகக் கேட்டார். "என்னடா கேட்டவை?"

"எந்த ஊரெண்டு கேட்டவை, அம்மா."