சூப்பர்வைசர் ஆன அன்று

செவ்வாய், இரவு

இன்று ஃபேக்டரியில் என்னை லைன் சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். ஷிப்ட் இன்ஜினியர் கை குலுக்கி, "கேம்ல டீமை நடத்துற மாதிரியே லைனையும் பாத்துக்கோ" என்றார். அவரும் ஆடுகிற அந்த ஆன்லைன் துப்பாக்கி விளையாட்டில், அவர் கண்ணில் படுவதற்காகத்தான் சேர்ந்தேன். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவன் என் லைனில் வேலை செய்யும் டில்லி. தினமும் ஷிப்ட் முடிந்து ரூமுக்கு வந்தால் ஹெட்போனில் அவன் குரல்தான் எனக்குத் துணை.

மாலை கம்பெனி பஸ்ஸில் டில்லியின் பக்கத்தில் உட்காரப் போனேன். எழுந்து நின்றுவிட்டான்.

"உக்காருங்க சார்."

"இன்னாடா சாரு கீருன்னுகினு? சாப்டுட்டு கேமுக்கு வந்துடு."

"வேணாம்பா. ஆட்டத்துல உன்னைக் கண்டபடி திட்டுவேன். அதை நீ மனசுல வெச்சிக்கினு லைன்ல காட்டுனா? நான் புள்ளகுட்டிக்காரன்."

அப்படிச் செய்ய மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ரூமுக்கு வந்து விளையாட்டைத் திறந்தேன். டில்லி பெயருக்குப் பக்கத்தில், ஆன்லைனில் இருப்பதாகப் பச்சைப் புள்ளி எரிந்தது. கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கடைசியில் முகம் தெரியாத மூன்று பேரோடு ஆடி ஜெயித்தேன். மைக்கை அணைக்காமலே வைத்திருந்தேன். ஒருவரும் பேசவில்லை.

காலையில் அவனுக்கு வேலை பிரித்துக் கொடுக்க வேண்டியவன் நான்.