காற்றின் கணக்கை மாற்றிய தோழிக்கு

இன்று காலை கணினியைத் திறந்தேன். நம் செயலியில் யாரோ செய்த சிறு திருத்தத்தின் கீழே உமது பெயர் நின்றது. உமது ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறதாம். உம்மைக் குருநகரில் அடக்கம் செய்து ஒரு மாதமாகிறது என்பது அதற்குத் தெரியாது. பெயரை நீக்க வேண்டியவள் நான்தான். நீக்கவில்லை. தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்தபடி நெடுநேரம் நின்றேன்.

மீனவர்களுக்குக் காற்றையும் அலையையும் முன்கூட்டிச் சொல்லும் செயலி அது. எவரும் எடுத்துத் திருத்தலாம் என்று நிரலைப் பொதுவில் வைத்திருந்தோம். நீர் நிரல் எழுதினீர். பயன்படுத்தும் முறையை விளக்கும் உதவிப் பக்கங்களை நான் எழுதினேன். நல்லூரில் ஒரு ரியூசன் வகுப்பு நடக்கும் வீட்டின் மாடியில், பிள்ளைகள் போன பிறகு, ஒரே மேசையில் இருந்தும் ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமலே வேலை செய்தோம்.

தென்மேற்குக் காற்று வீசும் ஒரு சோளகக் காலத்தில் நீர் காற்றின் வேகத்தை மணிக்குக் கிலோமீற்றரிலிருந்து கடல்மைலுக்கு மாற்றினீர். அதே காற்றுக்கு எண் ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கிவிடும். என் உதவிப் பக்கமோ பழையபடி, நாற்பதுக்கு மேலே போனால் கடலுக்கு இறங்க வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. மீனவரான உமது அப்பா அதை வாசித்திருந்தார். செயலியில் இருபத்தைந்து என்று கண்டார்; பழைய கணக்கில் அது நாற்பத்தாறு. படகை இறக்கினார்.

மறுநாள் நீர் படியேறி வந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

"என்ரை அப்பாவை நானே கடலுக்கு அனுப்பிப்போட்டன்," என்றீர்.

படகு கவிழ்ந்து, அதைப் பிடித்தபடி மிதந்தவரை வேறொரு படகு கண்டு ஏற்றி வந்திருக்கிறது.

"இப்ப எப்பிடி இருக்கிறார்?"

"இருக்கிறார். உன்ரை ஃபோன் பொய் சொல்லிப்போட்டுது பிள்ளை எண்டு மட்டும் சொன்னார்."

நீர் அழவில்லை. அன்றே விதி எழுதினீர்: விளக்கப் பக்கம் கூட வராமல் எந்த நிரலும் உள்ளே வராது. நிரல்காரர் பக்கத்தையும், பக்கம் எழுதுபவர் மாற்றத்தையும் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். கனடாவிலிருந்து நிரல் அனுப்பும் ஒருவர், விளக்கம் எழுத நேரமில்லை என்று கோபித்தார். "அப்ப நிரலும் வேண்டாம்," என்று பதில் போட்டீர். அவர் இனி வரமாட்டார் என்றே நினைத்தேன். அடுத்த கிழமை அவர் பக்கத்தோடு வந்தார்.

"சின்னக் காய்ச்சல்தான். நீர் பக்கத்தை எழுதி வையும், நான் நாளைக்கு வந்து பாக்கிறன்." உமது கடைசிச் செய்தி அது. எழுதி வைத்தேன். பிறகு வந்த அழைப்பு உமது தம்பியுடையது.

"அக்கா... எங்கடை அக்கா போட்டா."

"எங்கை?" என்று கேட்டேன். எங்கே என்று கேட்டேன்! அவன் டெங்கு என்றான். நீர் ஆஸ்பத்திரியில் கிடந்ததே எனக்குத் தெரியாது.

அடக்கம் முடிந்து தேவாலய வாசலில் உமது அப்பா என்னை மறித்தார்.

"பிள்ளை, உந்தச் செயலியை இனி ஆர் பாக்கிறது?"

"நான் பாக்கிறன் ஐயா."

"ஓம்," என்று தலையாட்டினார்.

அவர் இன்னமும் அதைப் பார்த்துத்தான் கடலுக்கு இறங்குகிறார். அதனால் நீர் எழுதிய நிரலை வரிவரியாக வாசிக்கப் பழகுகிறேன். விளங்காத இடம் வந்தால் நீர் வந்து இருக்கும் பக்கத்துக் கதிரையைத் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். பிறகு மறுபடியும் முதல் வரியிலிருந்து வாசிக்கிறேன்.