அஞ்சலையின் மீன்களுக்கு மணிக்கொரு தீனி

என் அஞ்சலைக்கு,

உன்னோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. அதை முடிக்காமல் நீ போய்விட்டாய். நாலு பேர் படித்தால் படிக்கட்டும். நாம் சண்டை போடுவது இந்தத் தெருவுக்குப் புதிதா என்ன?

பாண்டி ஆஸ்பத்திரியில், கடைசி வாரத்தில் நீ சொன்னாய்: "யோவ், மீனெல்லாம் கூனிமேட்டு பாய்கிட்ட குடுத்துடு. உன்னால ஆவாது." ஊர் முன்னால் 'வாங்க, போங்க', வீட்டுக்குள் 'யோவ்'. அந்த வார்டையும் நீ வீடாகத்தான் நினைத்துக்கொண்டாய் போலிருக்கிறது. சிறுநீரகம் இரண்டும் கெட்டுப் படுத்திருப்பவளிடம் என்ன எதிர்த்துப் பேசுவது என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். கொடுக்கவில்லை. ஒரு தொட்டியைக்கூட நான் கொடுக்கவில்லை.

உனக்குத் தெரிந்த கதையைப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சுனாமிக்கு முந்தின கோடையில், தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் ஒரு ஜோடி ஏஞ்சல் மீனோடு நீ பாண்டி பஸ்ஸிலிருந்து இறங்கினாய். ஒரு வருஷத்துக்குள் நம் பின்கட்டு அறை முழுக்கத் தொட்டி. குஞ்சுகளை நீ வளர்த்தாய். கூனிமேட்டு பாய் வாங்கிப்போய்ப் பாண்டிக் கடைகளுக்குக் கொடுத்தார்.

ஏஞ்சல் குஞ்சு பொடித் தீனியைச் சீந்தாது. அதற்கு உயிரோடு துள்ளுகிற இரை வேண்டும். அது நம் உப்பளத்துப் பாத்திகளிலேயே இருந்தது, சிவப்பாகப் பொடிப்பொடியாக நீந்திக்கொண்டு. பாய் அதை ஆர்டீமியா என்றார். நாம் உப்புப் பூச்சி என்றோம். காற்றடிக்கிற பக்கம் பாத்தி ஓரத்தில் அதன் முட்டை பழுப்பாக நுரைபோல ஒதுங்கும். அதை வழித்து உலர்த்தி, உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்று விட்டால் மறுநாள் குஞ்சு பொரிக்கும். அதுதான் மீன்குஞ்சுக்குத் தீனி.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். நல்ல தண்ணீரில் விழுந்த உப்புப் பூச்சி கொஞ்ச நேரத்தில் செத்துப்போகும். நாள் முழுவதற்குமான தீனியைக் காலையிலேயே கொட்டிவிட்டுப் போனால், செத்தது அழுகித் தண்ணீர் கெட்டு, மீன்குஞ்சும் சாகும். மணிக்கொரு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். நீ வீட்டில் இருந்தாய், விட்டாய். நானோ விடியும் முன்னே உப்பளத்துக்குப் போய் இன்ஜின் ஓட்டிப் பாத்திக்குத் தண்ணீர் ஏற்றுகிறவன். திரும்ப மூன்று மணி ஆகும். தெருவே உப்பளத்துக்குப் போகும்போது அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்பது? நீ சொன்ன 'ஆவாது' என்ற சொல் சும்மா வந்ததில்லை. அது எனக்கும் தெரியும்.

ஆனாலும் அது என்னைச் சுட்டது அஞ்சலை.

உன் காரியம் முடிந்த மறுவாரம் பாய் வண்டியோடு வந்து நின்றார். அப்போதுதான் அந்தப் பழைய ஜோடி முட்டையிட்டு, குஞ்சுகள் நீந்தத் தொடங்கியிருந்தன. இன்ஜினுக்கு லீவு சொல்லிவிட்டு நானே தீனி விட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏழுமலை, அந்தம்மா என்கிட்ட வாக்கு வாங்கிட்டாங்க. நான் எடுத்துட்டுப் போறேன்ப்பா. எனக்கு மட்டும் ஆசையா இன்னா?" என்றார். முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

"அவ கேட்டா, நீங்க குடுத்தீங்க. நான் குடுக்கலையே பாய்."

"நீ வேலைக்குப் போனா இதுங்களுக்கு யாரு தீனி போடுவா? அந்தம்மா வளர்த்ததைப் பட்டினி போட்டா சாகடிக்கப் போற? அல்லா மன்னிக்க மாட்டான்ப்பா."

நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார். "சரி. இந்த ஒரு பேட்ச் பார்ப்போம். ஒரு ரூபா காசு அளவுக்கு வளர்ந்துச்சுன்னா மீனெல்லாம் உன் வூட்டிலயே இருக்கட்டும். செத்துச்சுன்னா நான் குடுத்த வாக்கை நான் காப்பாத்தணும். சரியா?"

சரி என்றேன். வண்டி காலியாகத் திரும்பிப் போனது. அது தெருமுனை திரும்பிய பிறகுதான் யோசித்தேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்?

முதலில் எனக்குத் தோன்றியது உன் கையில் ஏற்றிய குளுகோஸ் பாட்டில். பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை நாள் அந்தச் சொட்டையே பார்த்திருந்தேன்! மருந்துக் கடையில் அந்த ட்யூபை வாங்கிவந்து, உப்புப் பூச்சித் தண்ணீர் பாட்டிலைத் தொட்டிக்கு மேலே தொங்கவிட்டேன். சொட்டுச் சொட்டாக விழுந்தது. அரை நாள்கூட ஓடவில்லை. முட்டை ஓடு போய் அடைத்துக்கொண்டது. பூச்சியெல்லாம் பாட்டிலின் அடியில் படிந்து செத்துக் கிடந்தன.

அடுத்து, மீன் கொண்டுபோகும்போது நீ வைத்துக்கொள்வாயே, டார்ச் செல்லில் ஓடுகிற சின்ன ஏர் பம்ப், அதை எடுத்தேன். மூடிய பாட்டிலுக்குள் காற்றை ஊதினால், உள்ளே இருக்கிற தண்ணீர் வேறு ட்யூப் வழியாக வெளியே வந்துதானே ஆக வேண்டும்? காற்று அடியிலிருந்து குமிழியிட்டால் பூச்சியும் படியாது. மூடியில் இரண்டு துளை போட்டேன், ட்யூப் சொருகினேன், சைக்கிள் ட்யூப் ரப்பர் வைத்து இறுக்கினேன், முன்போலவே தொட்டிக்கு மேலே தொங்கவிட்டேன்.

மணிக்கு ஒரு தடவை பம்பை ஓடவைக்கக் கடிகாரம் வேண்டும். நம் கல்யாணத்துக்கு என் அக்கா கொடுத்த சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினேன். பெரிய முள்ளின் நுனியில் மெல்லிசாக ஒரு செம்புக் கம்பி, பன்னிரண்டுக்கு நேரே இன்னொரு கம்பி. முள் அங்கே வந்து உரசுகிற நேரம் பம்ப் ஓடும். தாண்டியதும் நின்றுவிடும். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். "இன்ஜின் ஓட்டி புத்தி எங்க போவுது பாரு" என்றிருப்பாய்.

ஒரே ஒரு தடவை பார்த்தேன், நன்றாகத்தான் ஓடியது. அதை நம்பி ஒருநாள் வேலைக்குப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால், பாட்டில் காலி. பம்ப் நின்ற பிறகும் தண்ணீர் நிற்காமல் தானாகவே ஒழுகி, மொத்த உப்பும் அந்தச் சின்னத் தொட்டிக்குள் இறங்கியிருந்தது. பாதிக் குஞ்சுகள் அடியில் வெளுத்துக் கிடந்தன. மிச்சம் மேலே வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அவற்றை வேறு தண்ணீருக்கு மாற்றிவிட்டுச் செத்ததையெல்லாம் கரண்டியால் அள்ளினேன்.

அன்றைக்கு உன்னை வாய்விட்டுத் திட்டினேன். 'ஆவாதுன்னு சொல்லத் தெரிஞ்சுதில்ல, எப்படி ஆவும்னு சொல்லிட்டுப் போனா இன்னாடி?' அறையில் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்? தொட்டிக் காற்றின் சத்தம்தான்.

அந்த நேரம் பார்த்து அனுமந்தையிலிருந்து அக்கா வந்தாள். மேசையில் கிடந்ததைப் பார்த்ததும், "டேய், நான் குடுத்த கடியாரத்தையாடா பிரிச்சிப் போட்டுக்கினு இருக்க?" என்று ஆரம்பித்தவள் அதோடு நிற்கவில்லை. "பொம்பள இல்லாத வூட்ல எதுக்குடா இத்தினி தொட்டி? இதப் பாத்துக்கினு அவளையே நெனச்சிக்கினு கெடப்ப. இரும்பை ஊர்ல ஒரு பொண்ணு இருக்குது. நல்ல எடம். இதெல்லாம் ஏறக்கட்டு, பேசிடலாம்."

"நெனைக்கறதுக்குத்தான்க்கா வச்சிருக்கேன்."

"பைத்தியம் புடிச்சிடும்டா உனக்கு."

"புடிச்சா புடிக்கட்டும். அந்தப் பொண்ண வேற நல்ல எடத்துல குடுக்கச் சொல்லு."

அவள் சாப்பிடாமல் கிளம்பிப் போனாள். கோபம் இல்லை அவளுக்கு, பயம். அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அவளுடைய பயத்துக்காக நான் உன்னை ஏறக்கட்ட முடியுமா?

மறுநாள் உப்பளத்தில் இன்ஜினைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் புத்தியில் பட்டது. பள்ளத்துத் தண்ணீரை மேட்டுப் பாத்திக்கு ஏற்றுகிறேன். இன்ஜினை நிறுத்தினால் தண்ணீர் ஏறுமா? நின்றுவிடும். நான் பாட்டிலை மேலே வைத்ததுதான் தப்பு. அது கீழே இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டிலைத் தரையில் இறக்கினேன். ட்யூபை மேலே ஏற்றி, நுனி தொட்டித் தண்ணீரைத் தொடாதபடி விளிம்பில் கட்டினேன். பம்ப் ஓடினால் பூச்சித் தண்ணீர் ஏறி ஒரு வாய் அளவு விழுகிறது. நின்றால் மிச்சம் இறங்கிப் பாட்டிலுக்கே போய்விடுகிறது. ஒழுகவில்லை, அடைக்கவில்லை. லீவு நாளாகப் பார்த்து, நாள் முழுக்க எதிரிலேயே உட்கார்ந்து பார்த்த பிறகுதான் நம்பினேன்.

அதற்கு அடுத்த நாள் வேலைக்குப் போனேன். அன்று உப்பளத்தில் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு நேராகப் பின்கட்டுக்கு ஓடினேன். குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன. குனிந்து கண்ணாடியோடு முகத்தை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் வயிறு உப்பி, ஆரஞ்சு நிறமாக இருந்தது. தின்ற உப்புப் பூச்சி வயிற்றுக்குள் அப்படியே தெரியுமே, அந்த நிறம்.

ஆஸ்பத்திரியில் நான் அழவில்லை. சுடுகாட்டிலும் அழவில்லை. அன்றைக்கு அந்தத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

இரண்டு மாதம் கழித்துப் பாய் சொன்னபடி வந்தார். இந்தத் தடவை வண்டியில்லை, மீன் கொண்டுபோகிற ஆக்சிஜன் பைகளோடு பைக்கில். ஒரு குஞ்சைக் கையில் ஏந்தி, சட்டைப் பையிலிருந்து ரூபாய்க் காசை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்; அளவு சரியாக இருந்தது. பிறகு தரையில் உட்கார்ந்து பாட்டில், ட்யூப், கடிகாரம் எல்லாவற்றையும் பார்த்தார். முள் பன்னிரண்டுக்கு வந்து பம்ப் ஓடி, தீனி விழுந்து, குஞ்செல்லாம் அந்த இடத்துக்குப் பாய்ந்ததும், "யா அல்லா!" என்று சிரித்தேவிட்டார்.

"அந்தம்மாவுக்குக் குடுத்த வாக்கு போச்சு. பரவால்ல. அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போலக் கடைகளுக்குக் கொடுக்கக் குஞ்சுகளைப் பையில் பிடித்தார். உன்னிடம் வந்து பேசினாரா?

இன்னொரு சேதி. குழாயடியில் உன்னைப் பார்த்து, 'புள்ள இல்லாதவ மீனுக்கு ஊட்டி வளக்கறா' என்றாளே எதிர்வீட்டுக்காரி, போன வாரம் அவள் வாசலில் வந்து நின்றாள். பேரன் கேட்கிறானாம், ஒரு ஜோடி மீன் வேண்டுமாம். "யார் மீன் வேணும்?" என்றேன். விழித்தாள். "அஞ்சலை மீன் வேணும்னு சொல்லு, தர்றேன்" என்றேன். அப்படியே சொன்னாள். நல்லதாகப் பார்த்து ஒரு ஜோடி கொடுத்து அனுப்பினேன். நீயாக இருந்தால் சும்மாவே கொடுத்திருப்பாய். நான் நீ இல்லை.

இது ஆவணி. மழை தொடங்கினால் உப்பளத்தை மூடிவிடுவார்கள்; பாத்தியில் பூச்சியும் இருக்காது. முட்டையை உலர்த்தி டப்பாக்களில் அடைத்து வைத்திருக்கிறேன், தை வரைக்கும் தாங்கும். கூரையில் ஒழுகுகிற இடத்தைச் சரிசெய்தாகிவிட்டது. பழைய ஜோடி இன்று காலை மறுபடியும் முட்டையிட்டிருக்கிறது. பக்கத்தில் கை கொண்டுபோனால் இரண்டும் முட்டிக் கடிக்க வருகின்றன.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அழுகை வரத்தான் செய்யும். இன்னும் எத்தனை வருஷத்துக்கு வருமோ, தெரியாது. வந்தால் அழுவேன். ஆனால் முதலில் குஞ்சுகளுக்குத் தீனி போட்டுவிட்டு.

இன்னமும் உன் வீட்டுக்காரன்தான்,
ஏழுமலை
மரக்காணம்